சிறைக்குள் சட்டம்: வாயிலிலிருந்து விடுதலை வரை, காவலருக்கும் சிறைவாசிக்குமான உரிமைகளும் கடமைகளும்

சிறை ஒன்றின் வாயிலில் மாலை 6.45 மணிக்கு ஒரு வாகனம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து இறங்குபவரின் இடது புருவத்துக்கு மேல் வீக்கம் தெரிகிறது. அவரைக் கொண்டுவந்தவர்கள் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் அவசரத்தில் இருக்கிறார்கள். வாயிற்பணியில் இருக்கும் காவலருக்குப் பணிநேரம் முடியக் கால் மணி நேரமே மீதமிருக்கிறது. அனுமதிப் பதிவேட்டில் ‘உடலில் காயம் ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு நாள் கழித்து அதே வீக்கம் ஒரு நீதிபதியின் கண்ணில் படும்போது, ‘உள்ளே வரும்போது இல்லாத காயம் உள்ளே எப்படி வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அடித்தவராக இல்லாவிட்டாலும், அந்த வரியை எழுதிய காவலர்தான்.

சிறையைப் பற்றிய சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. சிறைவாசியின் உரிமை, காவலரின் கடமை என்று இரண்டு பட்டியல்களாகப் பிரித்துப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: இரண்டும் பெரும்பாலும் பதிவேட்டின் ஒரே வரியில்தான் சந்திக்கின்றன, அந்த வரி உண்மையாக எழுதப்பட்டால் இருவரையும் காக்கிறது, பொய்யாக எழுதப்பட்டால் இருவரையும் கைவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி, ஒருவர் சிறை வாயிலுக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரையிலான வரிசையில், ஒவ்வொரு கட்டத்திலும் இரு தரப்பும் என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை விளக்குகிறது. புதிதாகப் பணியில் சேரும் காவலரும், சிறையில் இருப்பவரின் குடும்பத்தாரும் ஒரே பக்கத்தைப் படித்துப் பயன்பெற முடியும் என்பது என் நம்பிக்கை.

தொடங்கும் முன்: எந்தச் சட்டம்?

ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அரசியலமைப்பு, தனிச் சிறைச் சட்டம், அதன்கீழ் விதிகள், சிறைக் கையேடு, நிர்வாகச் சுற்றறிக்கைகள் என்ற அடுக்கு உண்டு. இந்த அடுக்கில் கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. சுற்றறிக்கை ஒன்று சிறைச் சட்டம் தந்த உரிமையைப் பறித்தால், அந்தச் சுற்றறிக்கைதான் செல்லாது. எனவே முதல் வேலை, தம் நாட்டின் சிறைச் சட்டத்தையும் விதிகளையும் கையில் எடுத்து வைத்துக்கொள்வது.

இந்த அடுக்கோடு பன்னாட்டு ஒப்பந்தங்களும் இருக்கின்றன. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, சுதந்திரம் பறிக்கப்பட்ட எவரும் மனிதத்தன்மையோடும் மதிப்போடும் நடத்தப்பட வேண்டும் என்கிறது. 1984-இன் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை இன்னும் கறாரானது. இவற்றை ஏற்றுக் கையொப்பமிட்டு உறுதிப்படுத்திய நாடுகளை இவை கட்டுப்படுத்தும்.

மூன்றாவதாக வருவது ‘மண்டேலா விதிகள்’. சிறைவாசிகளை நடத்துவதற்கான குறைந்தபட்சத் தரவிதிகள் முதன்முதலில் 1955-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டன. அவற்றைத் திருத்தி, 122 விதிகளாக, 2015 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 27 ஆண்டுகள் சிறையில் கழித்த நெல்சன் மண்டேலாவின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. இவை ஒப்பந்தம் அல்ல. நேரடியாக வழக்குத் தொடுக்க உதவும் சட்டமும் அல்ல. ஆயினும் நீதிமன்றங்களும் ஆய்வுக் குழுக்களும் ஒரு சிறையை அளக்கும்போது எடுக்கும் அளவுகோல் பெரும்பாலும் இதுதான். கீழே ‘விதி’ என்று எண்ணோடு வருவன எல்லாம் மண்டேலா விதிகளே.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு கோட்பாடு உண்டு. சிறைப்படுத்தலே தண்டனை; சிறைக்குள் வைத்துத் தண்டிப்பது தண்டனையின் பகுதி அல்ல. அடைத்து வைப்பதற்கு இன்றியமையாத கட்டுப்பாடுகளைத் தவிர மற்ற எல்லா உரிமைகளும் சிறைவாசியிடமே இருக்கின்றன என்பதை ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகள் சொல்கின்றன. ஆக, ‘இந்த உரிமை இவருக்கு உண்டா?’ என்று கேட்பதை விட, ‘இந்த உரிமையைப் பறிக்க எனக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது?’ என்று காவலர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதே சரியான கேள்வி.

படி 1: வாயிலில் — ஆணை இல்லாமல் அனுமதி இல்லை

செல்லத்தக்க காவல் ஆணை இல்லாமல் எவரையும் சிறைக்குள் எடுக்கக்கூடாது (விதி 7). ஆணையில் பெயர், குற்றப்பிரிவு, ஆணையிட்ட நீதிமன்றம், காவலில் வைக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது காவலரின் கடமை. ஆணையில் பிழை இருந்தால் ‘நாளைக்குச் சரிசெய்து கொள்ளலாம்’ என்று உள்ளே எடுத்து வைப்பது, அந்த ஓர் இரவுக்கு, சட்டவிரோதக் காவலாக மாறக்கூடும். அதற்குப் பொறுப்பு அழைத்து வந்தவருக்கு மட்டுமல்ல, ஏற்றுக்கொண்டவருக்கும் உண்டு.

பதிவேட்டில் அடையாள விவரம், கைதான நாள், நேரம், இடம், சிறைக்குள் வந்த நாள், நேரம், கண்ணுக்குத் தெரியும் காயங்கள், முன்பு துன்புறுத்தப்பட்டதாக அவர் சொல்லும் புகார், கொண்டுவந்த உடைமைகள், குடும்பத்தாரின் பெயர்கள், அவசரத் தொடர்புக்கு உரியவர் ஆகியவை இடம்பெற வேண்டும். தொடக்கத்தில் சொன்ன அந்தப் புருவ வீக்கத்துக்கு எழுத வேண்டிய வரி இதுபோல இருக்கலாம்: ‘இடது புருவத்துக்கு மேல் சுமார் 3 செ.மீ. வீக்கம், தோல் கிழியவில்லை. கேட்டபோது, முந்தைய இரவு விசாரணையில் அடிபட்டதாகச் சொன்னார். 6.55 மணிக்குப் பணி மருத்துவருக்குத் தகவல் தரப்பட்டது.’ இதில் காவலர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதியிருக்கிறார்.

சிறைவாசியின் பங்கும் இங்கேயே தொடங்குகிறது. உடைமைப் பட்டியலில் கையொப்பமிடும் முன் அதைப் படிக்கவோ, படித்துக் காட்டச் சொல்லவோ அவருக்கு உரிமை உண்டு. பெயரையும் முகவரியையும் உண்மையாகச் சொல்வது அவருடைய கடமை. பொய்ப் பெயர் சொன்னவரைத் தேடிக் குடும்பம் அலையும்போது, சிறை நிர்வாகம் ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்றுதான் பதில் சொல்ல முடியும். சிறை விதிகள், சிறைவாசியின் உரிமைகள், கடமைகள், முறையிடும் வழி ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும் (விதிகள் 54, 55). வெளிநாட்டவராக இருந்தால், தம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவிலிருந்து வருகிறது. அந்த உரிமை இருப்பதை அவருக்குச் சொல்வது அதிகாரிகளின் பொறுப்பு.

படி 2: மருத்துவர் — யாருடைய முடிவு இறுதி?

சேர்க்கைக்குப் பின் கூடிய விரைவில் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றி, மருத்துவம் தரப்பட வேண்டும் (விதி 24). இங்கே காவலர்கள் அடிக்கடி தடுக்கி விழும் விதி 27-ஆவது: மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர் மட்டுமே எடுக்கலாம், சீருடைப் பணியாளர் அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது. ‘நடிக்கிறான்’ என்று முடிவு செய்யும் அதிகாரம் காவலருக்கு இல்லை. நடிப்பா நோயா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். காவலர் செய்ய வேண்டியது, எத்தனை மணிக்கு முறையிட்டார், எத்தனை மணிக்கு மருத்துவருக்குத் தகவல் போனது என்று குறிப்பது.

மருத்துவருக்கும் எல்லை உண்டு. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் கடமை. ஆனால் சித்திரவதையின் அறிகுறியைக் கண்டால் அதை ஆவணப்படுத்தி உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் (விதி 34). ‘இவர் தண்டனையைத் தாங்குவார்’ என்று சான்றிதழ் தரும் வேலை அவருடையதல்ல. தம் மருத்துவக் கோப்பைப் பார்க்கக் கேட்கும் உரிமை சிறைவாசிக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 3: அறையும் அன்றாடமும்

இந்தப் பகுதியில் சட்டம் தெளிவானது. சிக்கல் எல்லாம் இடப்பற்றாக்குறையிலும் ஆள்பற்றாக்குறையிலும்தான். படிக்கும் அளவுக்கு வெளிச்சம், காற்றோட்டம், தேவைப்படும்போதெல்லாம் குடிநீர், தனிப் படுக்கை, தூய்மையான கழிப்பிடம், உடல்நலம் காக்கும் உணவு, வெளியில் வேலை இல்லாதவருக்கு நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்தவெளி. பெண்களை ஆண்களிடமிருந்தும், விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளிடமிருந்தும், சிறார்களைப் பெரியவர்களிடமிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். பெண்கள் பகுதிக்குள் ஆண் பணியாளர் தனியாக நுழையக்கூடாது. பெண் அலுவலர் உடன் வர வேண்டும் (விதி 81). விசாரணைக் கைதி குற்றவாளி அல்லர். அவர் சொந்த உடை அணியலாம், விரும்பினால் மட்டுமே வேலை செய்யலாம். எந்தச் சிறைவாசியையும் அலுவலர் தம் வீட்டு வேலைக்கோ சொந்த ஆதாயத்துக்கோ பயன்படுத்துவது விதி 97-இன்படி தடைசெய்யப்பட்டது. இதில் ‘அவரே விரும்பித்தான் வந்தார்’ என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

சிறைவாசி சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். தலை எண்ணிக்கையின்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அறையையும் தம்மையும் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். தடைசெய்த பொருள்களை வைத்திருக்கக்கூடாது. சக சிறைவாசியையோ பணியாளரையோ தாக்கவோ மிரட்டவோ கூடாது. நாட்டின் குற்றவியல் சட்டம் சிறைச் சுவருக்கு உள்ளேயும் முழுமையாகச் செல்லும். பின்னால் நிரபராதி என்று விடுதலையானாலும், காவலிலிருந்து தப்பியோடியது பல நாடுகளில் தனிக் குற்றமாக நிற்கும்.

அறை ஒதுக்கீட்டில் காவலரின் கடமை வசதியோடு முடிவதில்லை. ஒரு சிறைவாசியை இன்னொரு சிறைவாசியிடமிருந்து காப்பதும் அரசின் பொறுப்பே. 1994-இல் இங்கிலாந்துச் சிறை ஒன்றில், மனநலம் பாதிக்கப்பட்டு வன்முறைப் பின்னணி கொண்ட ஒருவரோடு ஒரே அறையில் வைக்கப்பட்ட இளைஞர் கொல்லப்பட்டார். அந்த அறைவாசியைப் பற்றிய தகவல் முன்பே பல அலுவலகங்களில் இருந்தது. சிறைக்கு அது ஒழுங்காக வந்து சேரவில்லை, சேர்க்கையின்போது நடந்த சோதனையும் போதுமானதாக இல்லை. 2002-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையைக் காக்க அரசு தவறியது என்று தீர்ப்பளித்தது. அங்கே உயிரைப் பறித்தது இன்னொரு கைதியின் கை; அரசைப் பொறுப்பாக்கியது கைமாறாமல் போன தகவல். பணிமாற்றத்தின்போது அடுத்தவருக்கு எழுதித் தரும் குறிப்பை வெறும் சடங்காக நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

படி 4: வெளியுலகத் தொடர்பு

குடும்பத்தாரோடு கடிதமும் நேர்காணலும் சலுகை அல்ல. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பதை விதிகள் வரையறுக்கலாம், பாதுகாப்புக்காகக் கண்காணிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை முற்றாக நிறுத்தக்கூடாது.

வழக்கறிஞர் சந்திப்புக்குத் தனி விதி. காவலர் பார்க்கும் தொலைவில் நிற்கலாம். கேட்கும் தொலைவில் நிற்கக்கூடாது (விதி 61). இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு கறாரானது என்பதற்கு 1975-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்லலாம். சிறைக் கலவரத்தில் பங்கேற்றதாகத் தம்மைப் பற்றி ஒரு காவலர் சொன்னதை எதிர்த்து அவதூறு வழக்குத் தொடுக்க, ஒரு சிறைவாசி வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையே அந்த மறுப்பால் மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. காவலருக்கு எதிரான புகாரை அதே நிர்வாகம் வாயிலிலேயே தடுக்க முடியுமானால், எழுத்தில் உள்ள மற்ற உரிமைகள் எல்லாம் வெறும் அச்சுக் காகிதமாகிவிடும்.

இடமாற்றம், கடும் நோய், காயம் ஆகியவற்றைக் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கச் சிறைவாசிக்கு வசதி தர வேண்டும். நெருங்கிய உறவினர் மரணப்படுக்கையில் இருந்தால் அதைச் சிறைவாசிக்குச் சொல்வதும், சூழல் இடம்கொடுத்தால் காவலோடு சென்று பார்க்க அனுமதிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

படி 5: சோதனை

அறையையும் ஆளையும் சோதிக்கும் அதிகாரம் காவலருக்கு உண்டு; அது இல்லாமல் எந்தச் சிறையும் பாதுகாப்பாக இருக்க முடியாது. ஆனால் சோதனையைத் தொந்தரவு செய்யும் கருவியாகப் பயன்படுத்தக்கூடாது. ஏன் சோதித்தோம், யார் சோதித்தார், என்ன கிடைத்தது என்று பதிவு செய்ய வேண்டும் (விதி 51). ஆடை களைந்து சோதிப்பது மிக இன்றியமையாதபோது மட்டும், மறைவான இடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்றவரால் நடக்க வேண்டும். உடலின் உட்பகுதிச் சோதனையைத் தகுதி பெற்ற மருத்துவப் பணியாளரே செய்வது முறை. அவரும் அந்தச் சிறைவாசிக்கு வழக்கமாக மருத்துவம் பார்ப்பவராக இருக்கக்கூடாது (விதி 52). வழக்கு ஆவணங்களைச் சிறைவாசி தம்மிடம் வைத்திருக்கலாம்; சோதனையில் அவற்றைப் புரட்டலாம் என்பதற்காகப் படித்துவிடலாம் என்று பொருளாகாது.

சோதனைக்கு ஒத்துழைப்பது சிறைவாசியின் கடமை. முறைகேடு நடந்ததாக நினைத்தால், அந்த இடத்திலேயே மல்லுக்கு நிற்பதை விட, சோதித்தவர்களின் பெயரையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு அன்றே முறையிடுவது சட்டப்படி வலுவானது.

படி 6: ஒழுங்கு நடவடிக்கை

எது ஒழுங்குமீறல், அதற்கு என்ன தண்டனை, யார் விதிக்கலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை. ஒரே செயலுக்கு இரண்டு தண்டனையும் இல்லை. குற்றச்சாட்டை அவருக்குப் புரியும் மொழியில் தாமதமின்றிச் சொல்லி, பதில் தயாரிக்க நேரம் தந்து, தரப்பைக் கேட்ட பின்பே தண்டனை (விதி 41). செயலுக்கு மனநோய் காரணமா என்பதையும் பார்க்க வேண்டும்.

செய்யவே கூடாதவை: அடித்தல், இருட்டறை, உணவையோ குடிநீரையோ குறைத்தல், ஒருவர் செய்ததற்கு மொத்தப் பகுதியையும் தண்டித்தல், விலங்கைத் தண்டனையாகப் பூட்டுதல். தனிமைச் சிறைக்கு மண்டேலா விதிகள் ஓர் எண் தந்தன. அது மிகப் பெரிய உதவி. ஒருவரை ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருள்பொதிந்த மனிதத் தொடர்பின்றி அடைத்தால் அது தனிமைச் சிறை; தொடர்ச்சியாக 15 நாளைத் தாண்டினால் அது நீடித்த தனிமைச் சிறை, தடைசெய்யப்பட்டது (விதி 44). ஆகவே ‘இது தனிமைச் சிறை அல்ல, பாதுகாப்புப் பகுதி’ என்று பெயரை மாற்றிப் பயனில்லை. மணிநேரத்தை எண்ணினால் போதும். உணவைக் கதவின் துளை வழியே தள்ளுவது மனிதத் தொடர்பாகாது என்பது என் கருத்து.

சிறைவாசியிடம் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்தை ஒப்படைப்பதும் தடைசெய்யப்பட்டது (விதி 40). ஆள் குறைவான சிறைகளில் பழைய கைதிகளே மற்றவர்களை ‘மேய்க்கும்’ வழக்கம் எளிதில் முளைக்கும். அங்கே நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் சட்டத்தின் முன் பொறுப்பாளி, கண்டும் காணாமல் இருந்த அலுவலர்தான்.

படி 7: பலப்பிரயோகம்

இந்தக் கட்டத்தில்தான் காவலரின் வேலை, சுதந்திரம், ஓய்வூதியம் எல்லாம் ஒரு நிமிடத்தில் ஆட்டம் காணக்கூடும் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். விதி 82-இன்படி காவலர் பலத்தைப் பயன்படுத்தக்கூடிய சூழல்கள் மூன்றே: தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டத்தின் அடிப்படையிலான கட்டளைக்கு உடலால் காட்டும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பு கைகால்களை வீசுவதாகவும் இருக்கலாம், தரையில் உட்கார்ந்து எழ மறுப்பதாகவும் இருக்கலாம். வாய்ச்சொல் இந்தப் பட்டியலில் இல்லை. வசைபாடியவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். கை வைக்க முடியாது.

அந்த மூன்று சூழலிலும் இன்றியமையாத அளவுக்கு மேல் போகக்கூடாது. எதிர்ப்பு நின்றதும் பலமும் நிற்க வேண்டும். நீதிமன்றத்தில் சிக்கிக்கொள்ளும் காவலர்களில் பலர் முதல் அடிக்காகச் சிக்குவதில்லை. ஆள் அடங்கிய பின் விழுந்த அடிக்காகச் சிக்குகிறார்கள். சிறைவாசிகளோடு நேரடியாகப் பழகும் பணியாளர் சிறப்புச் சூழலிலன்றி ஆயுதம் தாங்கக்கூடாது. துப்பாக்கிக்கு, பலத்தையும் சுடுகருவிகளையும் பயன்படுத்துவது பற்றித் தனியாக வந்த 1990-ஆம் ஆண்டு ஐ.நா. கோட்பாடுகள் வைக்கும் வாசல் மிகக் குறுகியது: உடனடி மரண அபாயத்திலிருந்தோ கடுங்காயத்திலிருந்தோ தம்மையும் பிறரையும் காக்க, அல்லது அத்தகைய ஆபத்தை விளைவிக்கக்கூடியவர் தப்புவதைத் தடுக்க. விலங்குக்கும் எல்லை உண்டு. சங்கிலி, இரும்புக்கட்டை போன்ற இயல்பிலேயே இழிவும் வலியும் தருபவை கூடவே கூடாது. பிரசவ வலியின்போதும், பிரசவத்தின்போதும், அதை ஒட்டிய நேரத்திலும் பெண்ணுக்கு எந்த விலங்கும் கூடாது (விதி 48).

பலத்தைப் பயன்படுத்திய காவலர் உடனே தலைமை அலுவலருக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் நான் அடிக்கடி காணும் வரி இது: ‘சிறைவாசி முரண்டு பிடித்ததால் தேவையான பலம் பயன்படுத்தப்பட்டது.’ இந்த வரி எழுதியவரைக் காக்காது. என்ன முரண்டு, எவ்வளவு பலம், யார் பயன்படுத்தியது என்ற மூன்று கேள்விக்கும் இதில் விடை இல்லை. மாறாக, ‘காலை 10.20-க்கு அறை மாறும்படி இரண்டு முறை சொன்னேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தார். நானும் உடன் பணியாளர் ஒருவரும் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்து விரல்களை விடுவித்து, நடத்திக் கூட்டிச் சென்றோம். அடி ஏதும் விழவில்லை. வலது மணிக்கட்டில் சிவந்திருந்தது, 10.35-க்கு மருத்துவரிடம் காட்டினோம்’ என்று எழுதியவர், ஓராண்டு கழித்துக் குறுக்கு விசாரணையிலும் அதே வரிகளை நம்பி நிற்கலாம். உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் சொல்மாறாமல் படியெடுத்த நான்கு அறிக்கைகளைப் பார்த்தவுடன் விசாரணை அதிகாரிக்குச் சந்தேகம்தான் பிறக்கும்.

படி 8: காவலரின் சொந்த உரிமைகள்

சிறைவாசியின் உரிமை பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை. அதனால் காவலர்களிடையே வளரும் மனக்குறை நியாயமானதே. விதி 74, சிறைப் பணியாளர் முழுநேர அரசுப் பணியாளர்களாக, பணிப் பாதுகாப்போடு, வேலையின் கடுமைக்கு ஏற்ற ஊதியத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. பணியில் சேரும் முன்னரும் பணிக்காலத்திலும் பயிற்சி பெறுவது அவர்களின் உரிமை. பலத்தைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் பயிற்சி தராமல் ஒருவரைக் கலவரத்தின் நடுவே நிறுத்திவிட்டுப் பின் அவரை மட்டும் தண்டிப்பது நிர்வாகத்தின் தவறு. தற்காப்பு உரிமை சீருடையோடு போய்விடுவதில்லை. தம் மீது துறை நடவடிக்கை வந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், ஆவணங்களைப் பார்க்கவும், பதிலளிக்கவும் அவருக்கும் உரிமை உண்டு.

மிக முக்கியமானது, சட்டவிரோதக் கட்டளையை மறுக்கும் உரிமை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு, போர், நெருக்கடிநிலை உட்பட எந்தச் சூழலும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்றும், மேலதிகாரியின் கட்டளையும் நியாயமாகாது என்றும் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் முதல் பிரிவு, அரசு அலுவலரின் ஒப்புதலோடோ கண்டும் காணாத மௌனத்தோடோ நடப்பதையும் சித்திரவதைக்குள் சேர்க்கிறது. ‘நான் அடிக்கவில்லை, கதவருகே நின்றேன்’ என்பது தப்பிக்கும் வழி அல்ல. அத்தகைய கட்டளை வந்தால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்பது நல்ல முதல் நடவடிக்கை. பெரும்பாலான கட்டளைகள் அந்த ஒரு கேள்வியிலேயே கரைந்துவிடும். கரையாவிட்டால் மறுத்து, மறுத்ததை நேரத்தோடு குறித்து, அடுத்த மேல்நிலைக்கு எழுத வேண்டும்.

படி 9: முறையீடு

சிறைவாசி ஒவ்வொரு நாளும் சிறைத் தலைமைக்கோ அவர் பிரதிநிதிக்கோ கோரிக்கை வைக்கலாம். ஆய்வுக்கு வருபவரிடம் பணியாளர் இல்லாத இடத்தில் பேசலாம். மத்திய நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தணிக்கையின்றி எழுதலாம் (விதி 56). அவரால் முடியாதபோது குடும்பமோ வழக்கறிஞரோ எழுதலாம். தள்ளுபடியானாலும், காரணமின்றித் தாமதமானாலும் நீதிமன்றத்தை அணுகலாம். முறையிட்டதற்காகப் பழிவாங்குவது தனித் தவறு.

முறையீட்டில் உணர்ச்சியை விட விவரம் பேசும். நாள், நேரம், இடம், நடந்தது, உடனிருந்தவர்கள், காயம், மருத்துவரைப் பார்த்த நேரம், என்ன நிவாரணம் வேண்டும் என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதக்கூடாது. தெரிந்தே பொய்ப்புகார் தருவது, மெய்ப்புகார் தரும் அடுத்த சிறைவாசியின் வாயை அடைத்துவிடும். முறையீட்டைப் பெறும் காவலர் அதற்கு எண் இட்டு, பெற்ற நேரம் குறித்து, அன்றே மேலே அனுப்ப வேண்டும். தம் மீதான புகாராக இருந்தாலும் அதுவே முறை.

எழுத்தின் வடிவம் தடையாகாது. இந்தியாவில் மரண தண்டனை பெற்ற ஒரு சிறைவாசி, சக சிறைவாசியைத் தலைமைக் காவலர் ஒருவர் கொடுமைப்படுத்தியதாக உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. முறையிட்டவர் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்பதும், மனு முறைப்படி தயாரானது அல்ல என்பதும் அங்கே குறையாகக் கொள்ளப்படவில்லை.

சிறைக்கு வெளியிலிருந்து வரும் ஆய்வும் முறையீட்டின் ஒரு வழியே. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைக்குத் துணையாக 2002-இல் ஏற்கப்பட்ட விருப்ப நெறிமுறையில் சேர்ந்த நாடுகள், முன்னறிவிப்பின்றிச் சிறைகளுக்குச் செல்லக்கூடிய சுதந்திரமான தேசியத் தடுப்பமைப்பை வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் எந்தச் சிறையை, யாரைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. ‘இவரோடு மட்டும் பேசுங்கள்’ என்று நல்ல முகத்தை மட்டும் காட்டுவது விதி 84-க்கு மாறானது.

படி 10: மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால்

காவலில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும், காணாமற்போதலையும், கடுங்காயத்தையும் சிறைத் தலைமை தாமதமின்றி, சிறை நிர்வாகத்திலிருந்து சுதந்திரமான விசாரணை அதிகாரத்துக்குத் தெரிவிக்க வேண்டும் (விதி 71). சாட்சியங்களைப் பாதுகாக்க வேண்டும். தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படுபவர் விசாரணையிலும், சாட்சிகளோடும் குடும்பத்தோடும் தொடர்பிலும் கைவைக்கக்கூடாது. நடைமுறையில் இதன் பொருள்: அறையைக் கழுவக்கூடாது, கண்காணிப்புப் பதிவை அழிக்க விடக்கூடாது, பதிவேட்டின் பக்கத்தைத் திருத்தக்கூடாது. தவறாக எழுதியது தெரிந்தால் அடித்து, அருகே சரியானதை எழுதி, நேரமிட்டுக் கையொப்பமிடலாம். அழித்து எழுதக்கூடாது. குடும்பத்துக்கு உடனே சொல்லி, உடலை மரியாதையோடு ஒப்படைக்க வேண்டும்.

படி 11: விடுதலை

விடுதலை ஆணை வந்த பின், சரிபார்ப்புக்குத் தேவையான நேரத்துக்கு மேல் ஒருவரை வைத்திருப்பது சட்டவிரோதக் காவல். குடிமை, அரசியல் உரிமைகள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவின்படி அவர் இழப்பீடு கோரலாம். எனவே தண்டனைக் கழிவுகளையும் முன்விடுதலை நாளையும் கடைசி நாளில் கணக்கிடாமல், சில வாரங்களுக்கு முன்பே இருவரும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கணக்கில் ஐயம் இருந்தால் சிறைவாசி எழுத்தில் கேட்கலாம்.

வெளியேறும்போது உடைமைகளும் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அடையாள ஆவணங்களும், தட்பவெப்பத்துக்கேற்ற உடையும், சேர வேண்டிய இடம் போக வழியும் இருப்பதை நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும் (விதி 108). முதல் நாள் எழுதிய உடைமைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்பே ரசீதில் கையொப்பமிட வேண்டும். ஏதேனும் குறைந்தால் கையொப்பத்துக்கு மேலேயே அதை எழுதிவிட வேண்டும். காவலரும் அதே இடத்தில் விளக்கம் எழுதிக் கையொப்பமிடலாம்.

இன்னொன்றையும் கேட்டு வாங்க மறக்கக்கூடாது. விதி 9-இன்படி, தம்மைப் பற்றிய பதிவுகளின் அதிகாரபூர்வ நகலை விடுதலையின்போது பெறச் சிறைவாசிக்கு உரிமை உண்டு. அந்த நகலின் முதல் பக்கத்தில், மாலை 6.45 மணிக்கு வாயிலில் வந்து நின்றவரின் இடது புருவத்தைப் பற்றிய வரி இருக்கும்.